முட்டி வலி: எப்போது பொறுக்கலாம், எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

"நடவு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." டெல்டா கிராமங்களில் முட்டி வலிக்குக் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான். குறுவை நடவு முடிந்தால் களையெடுப்பு. அதை முடித்து நிமிர்ந்தால் சம்பா, தாளடி. தையில் அறுப்பு ஆனதும் அதே வயலில் உளுந்தும் பயறும். வேலை ஓய்கிற மாதம் வருவதற்குள் வலி பழைய வலியாகிவிடுகிறது. இன்னொரு பக்கம், வலி வந்த மூன்றாம் நாளே ஸ்கேன் எடுத்து, "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு தரப்பும் வலி எவ்வளவு கடுமை என்பதை மட்டும் வைத்தே முடிவெடுக்கின்றன. முட்டியைப் பொறுத்தவரை அந்த அளவுகோல் ஏமாற்றும். கடுமையாக வலிக்கும் தேய்மானம் சில வாரம் காத்திருக்கும். லேசாக வலிக்கும் முடக்குவாதம் காத்திருக்காது. வலியோடு கூட வேறு என்ன வருகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்கான காரணம் மூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

முட்டிக்குள் என்ன இருக்கிறது

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கிற இடம் முழங்கால் மூட்டு. முன்பக்கம் முட்டிச்சில்லு மூடியிருக்கிறது. எலும்பு முனைகளின் மேல் வழுவழுப்பான குருத்தெலும்பு. இரண்டு எலும்புகளுக்கும் இடையில் பிறை வடிவத்தில் இரண்டு திண்டுகள். மூட்டு விலகாமல் பிடித்துக்கொள்ள, பக்கவாட்டில் இரண்டும் உள்ளே குறுக்காக இரண்டுமாக நான்கு பட்டைகள். ஊரில் பிறைத் திண்டையும் ஜவ்வு என்கிறோம், பட்டையையும் ஜவ்வு என்கிறோம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால், "எந்த ஜவ்வு, டாக்டர்?" என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

முடிவெடுக்க உதவும் மூன்று விஷயங்கள்:

1. குருத்தெலும்பில் நரம்பு இல்லை, ரத்தக்குழாயும் இல்லை. அதனால் அது தேயும்போது சத்தமில்லாமல் தேய்கிறது. நமக்குத் தெரிகிற வலி அதன் அடியிலுள்ள எலும்பிலிருந்தும், சுற்றியுள்ள உறையிலிருந்தும் வருவது. ரத்த ஓட்டம் இல்லாததால் கெட்டுப்போன குருத்தெலும்பு தானாக ஆறுவதும் மிகக் குறைவு.

2. குருத்தெலும்புக்கு உணவு மூட்டு நீரிலிருந்து கிடைக்கிறது. மிதிக்கும்போது அமுங்கி, விடும்போது பஞ்சு போல அந்த நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே வலிக்கிறதென்று வாரக்கணக்கில் கட்டிலிலேயே கிடப்பது மூட்டுக்கு நல்லது செய்யாது.

3. மூட்டை மூடியிருக்கும் உறை புண்பட்டால் அளவுக்கு மேல் நீர் சுரக்கும். "முட்டியில நீர் கோத்துக்கிச்சு" என்று சொல்வது இதைத்தான். உள்ளே ஏதோ நடக்கிறது என்பதற்கு வெளியே தெரியும் சாட்சி வீக்கம். வலியை விட வீக்கத்தைத்தான் டாக்டர்கள் கூர்ந்து பார்ப்பார்கள்.

இந்தப் பகுதி வேலைகள் முட்டியை எங்கே தாக்குகின்றன

நடவில் குனிவதால் முதலில் வலிப்பது இடுப்பு என்றாலும், முட்டிக்கு ஆபத்து சேற்றில் இருக்கிறது. பாதம் சேற்றுக்குள் பதிந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்புகிறது. அந்த முறுக்கு நேராகப் பிறைத் திண்டில் விழுகிறது. நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்கும் வரப்பில் நடக்கும்போது கால் பிசகினாலும் இதே கதைதான். களையெடுப்பதும் உளுந்து பிடுங்குவதும் வேறு வகை: மணிக்கணக்கில் குந்தியபடியே நகர்வது. முட்டி முழுதாக மடங்கியிருக்கும்போது முட்டிச்சில்லுக்குப் பின்னால் அழுத்தம் மிக அதிகம்.

வயலுக்குப் போகாதவர்களும் தப்புவதில்லை. சுவாமிமலையில் தரையில் அமர்ந்து சிலைக்கு அரம் போடுபவருக்கும், திருபுவனத்தில் நாள் முழுக்கத் தறியில் மிதி மிதிப்பவருக்கும் முட்டிதான் தேய்கிறது. வீட்டில் தரையில் உட்கார்ந்து எழும் வேலைகளும் பழைய மாதிரிக் கழிப்பறையும் இதோடு சேர்ந்துகொள்ளும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தேய்மானம் ஆண்களை விட அதிகம் வருகிறது. களையெடுப்பிலும் நடவிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

வலிக்குப் பின்னால் எது இருக்கலாம்

1. தேய்மானம். 45 வயதுக்கு மேல், நடந்தால் வலி, உட்கார்ந்தால் குறைவு, காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் பிடிப்பு. அந்தப் பிடிப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். இந்த மூன்றும் பொருந்தினால் எக்ஸ்ரே கூட இல்லாமலே டாக்டரால் சொல்லிவிட முடியும்.

2. முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டையே தாக்குவது. காலைப் பிடிப்பு அரை மணிக்கு மேல், பலருக்கு ஒரு மணிக்கும் மேல் நீடிக்கும். இரண்டு முட்டியும் வலிக்கலாம். விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கும். அசையாமல் இருந்தால் பிடிப்பு கூடும், நடமாடினால் தளரும். தேய்மானத்துக்கு நேர் எதிர். இங்கே காலம் முக்கியம்: அறிகுறி தொடங்கிய முதல் மூன்று மாதங்களுக்குள் மருந்து ஆரம்பித்தால் மூட்டு கோணலாகாமல் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் செய்யும் இந்த வேலையை வலி மாத்திரை செய்யாது.

3. யூரிக் அமிலம் படிவது. ராத்திரி நன்றாகத் தூங்கியவர் விடியும்போது கால் வைக்க முடியாமல் எழுவார். கால் கட்டை விரலில்தான் அதிகம் வரும், முட்டியிலும் வரும். சில நாளில் தானே தணிந்துவிடுவதால் மறந்துபோய், மறுபடி வரும்போதுதான் நினைவு வரும்.

4. சீழ் பிடித்த மூட்டு. இந்தப் பட்டியலில் மிகவும் அவசரமானது. கிருமி மூட்டுக்குள் புகுந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பை அழித்துவிடும். சர்க்கரை நோயாளிகள், முட்டியில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், காலில் ஆறாத புண்ணோ முள் குத்திய காயமோ உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

5. சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய வலி. 2006-இல் தமிழ்நாட்டில் பரவியபோது காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் பலர். பெரும்பாலானவர்களுக்கு மெல்ல விட்டுவிடும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கமும் காலைப் பிடிப்பும் இருந்தால் மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும்.

இவை தவிர எலும்புக் காசநோயும் உண்டு: ஒரே முட்டி, வாரக்கணக்கில் மெதுவாக ஏறும் வீக்கம், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு. சில நேரம் நோய் முட்டியிலேயே இருக்காது. இடுப்பு மூட்டோ முதுகுத்தண்டோ கெட்டிருந்தாலும் வலி முட்டியில் தெரியும். குழந்தைகளிடம் இது மிக முக்கியம். பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளை "முட்டி வலிக்குது" என்று நொண்டினால், இடுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த வயதில் ராத்திரியில் எழுப்பும் வலியும், முட்டியை ஒட்டிக் கெட்டியான வீக்கமும் இருந்தால், விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. எலும்பில் கட்டி வருவதும் அந்த இடத்தில்தான் அதிகம்.

காத்திருக்கக் கூடாதவை: அதே நாள் மருத்துவமனை

1. முட்டி சூடாக, சிவந்து, வீங்கி, கூடவே காய்ச்சலோ குளிரோ. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாக இல்லாவிட்டாலும் இந்த வீக்கம் ஒன்றே போதும்.

2. விழுந்த பிறகோ முறுக்கிய பிறகோ நான்கு அடி கூட எடுத்து வைக்க முடியாதது. முட்டியை 90 பாகைக்கு மடக்க முடியாதது. முட்டிச்சில்லை அழுத்தினால் உயிர் போவது. 55 வயதுக்கு மேற்பட்டவருக்கு அடிபட்டிருந்தால், நடக்க முடிந்தாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவதுதான் சரி.

3. அடிபடும்போது "டப்" என்று சத்தம் கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி உருண்டு வீங்குவது. அவ்வளவு சீக்கிரம் வீங்கினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ரத்தம். பட்டை அறுந்திருக்கலாம், எலும்பு விரிந்திருக்கலாம்.

4. மடங்கிய முட்டி அப்படியே பூட்டிக்கொண்டு நீட்ட வராதது.

5. முட்டிக்குக் கீழே ஆடுசதை ஒரு பக்கம் மட்டும் வீங்கி, இறுகி, வலிப்பது. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டி (உறைகட்டி) இருக்கலாம். இதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

இந்த ஐந்தில் எதுவானாலும் எண்ணெய் தேய்த்து நீவவும் கூடாது, உருவி விடவும் கூடாது, இறுக்கமான நாட்டுக் கட்டும் கூடாது. உறைகட்டி இருக்கும் காலை நீவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். சீழ் பிடித்த மூட்டின் மேல் கட்டுப் போட்டால் நோய் கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

ஒரு வாரத்துக்குள் பார்க்க வேண்டியவை

அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டாம். சந்தை நாள், கல்யாணம் என்று தள்ளவும் வேண்டாம். சில நாளாகியும் வற்றாத வீக்கம். அரை மணிக்கு மேல் நிற்கும் காலைப் பிடிப்பு. வேறு மூட்டுகளும் சேர்ந்து வலிப்பது. படியில் இறங்கும்போது முட்டி திடீரென்று "வாங்கிக்கொள்வது", அதாவது பிடி தளர்ந்து மடங்குவது. தூக்கத்தைக் கலைக்கும் வலி. காரணமில்லாத எடைக் குறைவு. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களோ, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களோ புது முட்டி வலியை இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை, அதற்கும் ஒரு கெடு

மேலே சொன்ன எதுவும் இல்லை. வேலை செய்தால் வலிக்கிறது, ஓய்வில் குறைகிறது, வீக்கம் இல்லை. சரி, மூன்று நான்கு வாரம் வீட்டில் பார்க்கலாம். அதற்குள் முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டாலோ, வலிக்காக வேலையையோ நடையையோ மாற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தாலோ, கெடு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நொண்டி நடக்கப் பழகிவிட்டால் நல்ல முட்டியும் இடுப்பும் சேர்ந்து கெடும்.

அந்த வாரங்களில் குந்துவதையும் சப்பணமிடுவதையும் முடிந்த மட்டும் குறைத்து நாற்காலிக்கு மாறுவது நல்லது. கழிப்பறையில் மேல்நாட்டு வகை இருக்கை இல்லையென்றால், துளையுள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போதும். நடையை நிறுத்த வேண்டாம், சமதரையில் நடங்கள். தொடையின் முன்பக்கத் தசைக்குப் பலம் ஏற்றும் பயிற்சி எல்லா மருந்தையும் விட நீண்ட நாள் உதவும். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, மறு காலை நேராக ஒரு அடி உயரம் தூக்கி ஐந்து விநாடி நிறுத்தி மெல்ல இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, தினம் இரண்டு வேளை. பலன் முழுதாகத் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகலாம். முதல் வாரத்தில் சலித்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். எடை கூடுதலாக இருந்தால், குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது.

முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் நல்ல உணவு, சாப்பிடலாம். அவற்றை நம்பி முடக்குவாதத்தின் முதல் மூன்று மாதத்தைத் தொலைத்துவிடக் கூடாது என்பதுதான் கவலை.

ஊசி, மாத்திரை, பொடி: அடையாளத்தையே அழிப்பவை

இவ்வளவு நேரம் சொன்ன அடையாளங்களைப் பார்த்து முடிவெடுக்க, அந்த அடையாளங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம் ஊர்களில் நடப்பது வேறு. "ஒரு ஊசி போட்டுக்கிட்டா நாளைக்கு வேலைக்குப் போயிடலாம்" என்று காலையில் ஊசி, மத்தியானம் நடவு. கூலி வேலைக்குப் போகிறவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய அடுப்பு எப்படி எரியும்? ஆனால் அந்த ஊசி என்ன செய்கிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. அதுதான் அநியாயம்.

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகை மருந்துகள் வலியை மட்டுமல்ல, வீக்கத்தையும் காய்ச்சலையும் சேர்த்தே அடக்குகின்றன. தேய்மானமா, முடக்குவாதமா, சீழா என்று பிரித்துக் காட்டும் மூன்று அடையாளங்களும் மங்கிவிடுகின்றன. ஊசியில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் இன்னும் மோசம்: இரண்டு நாள் அற்புதமாக இருக்கும், உள்ளே கிருமி இருந்தால் அது தடையில்லாமல் பெருகும், சர்க்கரை எகிறும். இப்படியே பல மாதம் போனால் எலும்பு பலமிழக்கும். இடுப்பு மூட்டின் எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்று, வலி வந்த முட்டியை விட்டுவிட்டு இடுப்பு கெட்டுப்போவதும் உண்டு. பெயரும் உட்பொருளும் அச்சிடாத "மூட்டுவலிப் பொடி"களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஒரே நாளில் கேட்கிற பொடி என்றால் அதனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சிறுநீரகத்தின் கதை தனி. ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுபவர், வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், மேலே வலி மாத்திரையும் போட்டால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். வயிற்றுப் புண்ணும் ரத்தக்கசிவும் இதே மருந்துகளின் இன்னொரு முகம். காய்ச்சலோடு மூட்டு வலி வந்து, டெங்கு இல்லை என்று இன்னும் உறுதியாகாத நிலையில் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. டெங்குவில் அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

தேய்மான வலிக்கு மேலே பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் போதுமானதாக இருக்கும் சந்தர்ப்பங்கள் நிறைய. ரத்தத்தில் சேரும் அளவு குறைவு என்பதால் முதலில் அதையே முயலலாம்.

"போனா ஆபரேஷன்னு சொல்லிடுவாங்க"

தள்ளிப் போடுவதற்கு வேலைக்கு அடுத்த காரணம் இந்த பயம். நடைமுறை வேறு. முட்டி வலியோடு போகும் பெரும்பாலானவர்களுக்குப் பயிற்சி, எடை, மருந்து என்ற வரிசையில்தான் வைத்தியம். சந்தேகம் இருந்தால் நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயும் சில ரத்தப் பரிசோதனைகளும். படுத்தபடி எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி சரியாகத் தெரியாது. நீர் கோத்திருந்தால் ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள். சீழா, யூரிக் அமிலமா என்று உறுதி செய்ய அதை விட நல்ல வழி இல்லை, பயந்து மறுக்காதீர்கள்.

எம்ஆர்ஐ ஸ்கேனை நீங்களாகப் போய் எடுக்க வேண்டாம். 50 தாண்டியவர்களில் வலியே இல்லாத பலருக்கும் பிறைத் திண்டில் கிழிசல் தெரியும். வயதோடு வருவது அது. அந்தக் கிழிசலைப் பார்த்துவிட்டுத் துளைவழி அறுவை சிகிச்சைக்குப் போவது தேய்மான முட்டிக்குப் பலன் தராது என்று 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல் உறுதியாகவே சொன்னது. இளம் வயதில் அடிபட்டு அறுந்த பட்டைக்கும், பூட்டிக்கொண்டு நீட்டவே வராத முட்டிக்கும் இது பொருந்தாது.

முட்டி மாற்று அறுவை சிகிச்சை கடைசிப் படி. எக்ஸ்ரே எவ்வளவு மோசம் என்பதை வைத்து அதை முடிவு செய்வதில்லை. மற்ற வைத்தியம் எல்லாம் பார்த்த பிறகும் நடை, தூக்கம், அன்றாட வேலை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதே கணக்கு. செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. கோபால்ட் குரோமியம் வகைக்கு வரி நீங்கலாக ரூ.54,720 என்று அப்போது நிர்ணயித்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழும் இந்தச் சிகிச்சை செய்யப்படுகிறது. காப்பீட்டு அட்டையோடு போய் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது, என்ன சொல்வது

அவசரமில்லாத வலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே தொடங்கலாம். எலும்பு மருத்துவர் தேவைப்பட்டால் கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் இருக்கின்றன. வெளியே வர முடியாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. ஊர்ச் செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 104-இல் கேட்கலாம்.

அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் டாக்டருக்கு உங்களோடு பேச சில நிமிடம்தான் கிடைக்கும். எப்போது தொடங்கியது, அடிபட்டதா, காலைப் பிடிப்பு எத்தனை நிமிடம், வீங்கிய நாள் உண்டா, வேறு எந்த மூட்டு வலிக்கிறது என்ற ஐந்தையும் முந்தின நாளே ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். வீங்கியபோது செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. போகிற அன்று வீக்கம் வற்றியிருக்கலாம். இதுவரை போட்ட ஊசிச் சீட்டு, மாத்திரை அட்டை, பொடிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். திட்டுவார்களோ என்று ஊசி போட்டதை மறைக்க வேண்டாம். ஸ்டீராய்டு மாதக்கணக்கில் எடுத்திருந்தால் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை அந்தப் பையைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்ய முடியும்.